சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம்

'விற்ற வண்டி எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

கார் ஷோரூமில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க ரசீதின் அடியில் இந்த வரி இருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. வாங்குகிறவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நாம் அடுத்த தாளைப் புரட்டி, "இங்க ஒரு சைன் சார்" என்று விரலை வைத்துவிடுவோம். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்ற பிறகும் அது அடங்கவில்லை. போன வாரம் தங்கை மகள் ஒரு மிக்ஸி வாங்கி வந்தாள், அதன் ரசீதிலும் அதே வரி. மிக்ஸியை விட்டுவிட்டு ரசீதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. எப்படிச் சிரிப்பது, எப்போது காபி கொடுப்பது, 'யோசிச்சுச் சொல்றேன்' என்கிறவரை வாசல் தாண்டவிடாமல் எப்படி உட்காரவைப்பது என்றெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் அம்பத்தூர் பக்கத்து ஷோரூம்களில் காலம் தள்ளியவள். கடைசியாகப் பார்த்தது டெலிவரி பொறுப்பு, அதாவது வண்டியை வாங்கியவர் கையில் ஒப்படைக்கிற வேலை. நான் சொல்லப்போவது உங்கள் வகுப்பில் வராது. வந்தால் வகுப்பு எடுப்பவருக்கு வேலை போய்விடும்.

முதலில் ஒரு சின்னக் கதை. கொரட்டூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்த ஒரு தம்பி, கணினி நிறுவனத்தில் வேலை, ஊர் கும்பகோணம் பக்கம். பெரிய வண்டியாகப் பார்த்து எடுத்தான். வண்டியை எடுத்துப் போன மறுநாளே போன் செய்தான்.

"மேடம், இந்த வண்டியை ரிட்டர்ன் பண்ணணும். ஆப்ல எங்க போய்ப் பண்றது?"

எனக்கு முதலில் புரியவில்லை. விசாரித்தால், அவன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டி நுழைகிறது, ஆனால் நுழைந்த பிறகு கதவைத் திறக்க இடமில்லை. இரவு முழுக்க வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடியுமா? ஜன்னல் வழியாக வெளியே வந்திருக்கிறான். செருப்பு, சட்டை எதை வாங்கினாலும் பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பிப் பழகிய பிள்ளை. காருக்கும் அப்படி ஒரு பொத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டான்.

ஷோரூமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடிக்கவில்லை, பொருந்தவில்லை என்பதற்காகக் காரைத் திருப்பிக் கொடுக்க நம் நாட்டில் வழியில்லை. குறை இருந்தால் மட்டும்தான் கேட்க முடியும். இது அவனுக்குத் தெரியாது, சரி. விற்ற நமக்குத் தெரியுமே? அவனிடம் எந்தக் கலர், எந்த நம்பர், கூட்டுத்தொகை ஆறு வரணுமா ஒன்பது வரணுமா என்று ஆயிரம் கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூட, "தம்பி, இதை எங்கே நிறுத்தப்போறீங்க?" என்று கேட்கவில்லை. ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற வண்டியை நேராக அவன் வீட்டுக்கே கொண்டுபோய் ஒருமுறை நிறுத்திப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்த வண்டி இன்றைக்கும் தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது, காக்கை எச்சத்தோடு. எதை வாங்கினாலும் முதலில் தங்கள் வாசலுக்குள் நுழையுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பனை போனால் போகட்டும், அடுத்த விற்பனை அவரே அனுப்பிவைப்பார்.

இனி நான் சொல்ல வந்தது.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு குடும்பம். முருகேசன் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் சிவகாசிப் பக்கம். மனைவி வளர்மதி பள்ளிக்கூட ஆசிரியை. சிறு வயதில் போலியோ வந்து இடது காலில் இரும்புப் பட்டை மாட்டி நடப்பவர். பள்ளிக்கூடம் நெமிலிச்சேரியில். தினமும் மின்சார ரயில். ரயிலில் உட்கார்ந்துவிட்டால் கவலையில்லை, ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்குவதுதான் அவருக்குப் பாடு. மழைக்காலத்தில் அந்தப் படியில் பட்டை வழுக்கி இரண்டு முறை விழுந்திருக்கிறார்.

கியர் மாற்ற வேண்டாத வண்டியில் இடது காலுக்கு வேலையே கிடையாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, எங்களிடம் புக்கிங் போட்டார். அந்த ரக வண்டிக்கு அப்போது காத்திருக்க வேண்டியிருந்தது, மாதக்கணக்கில். சனிக்கிழமைகளில் எப்போதாவது வருவார். பார்வைக்கு வைத்திருக்கும் வண்டியில் ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். "வந்துரும்ல மேடம்?" என்று மட்டும் கேட்பார். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை.

வண்டி வந்தது. வெள்ளிக்கிழமை டெலிவரி. முருகேசன் காலண்டரைப் பார்த்து நேரம் குறித்திருந்தார். பத்தேகாலோடு நல்ல நேரம் முடிகிறது, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சாவி கைக்கு வந்து வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று முந்தின நாளே இரண்டு தடவை போனில் சொல்லிவிட்டார்.

நம் ஊரில் எல்லோரும் நேரம் பார்ப்பார்கள், அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நானும் பார்ப்பவள்தான். எனக்கு வயிற்றெரிச்சல் எதில் என்றால், அந்த நேரத்தை நம் ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான். மேலாளர்கள் வேண்டுமென்றே வண்டியைக் கடைசி நிமிடத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மேலே சிவப்புத் துணி போர்த்தியிருக்கும். துணியை இழு, காகிதப் பூ வெடி, கேக் வெட்டு, அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடு. "சார், நேரம் போகுது, பூஜையைப் போட்டுருவோம்." சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம். நடுவில் எங்கோ, 'வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்து. கதவைத் திறந்து மூடிக்கூடப் பார்த்திருக்க மாட்டார் மனிதர்.

பழம் நசுங்கிவிட்டால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு வண்டியில் என்ன குறை இருந்தாலும் நம் மக்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பூஜை போட்ட வண்டியைக் குறை சொன்னால் ராசி போய்விடும் என்று பயம். புகார் சொல்லப் போன் செய்கிறவர்கூட, "வண்டி நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா..." என்றுதான் ஆரம்பிப்பார். இந்தப் பயத்தை நம்பித்தான் பல ஷோரூம்களில் பாதிப் பிழைப்பு நடக்கிறது. சாமியைக் காட்டிச் சாமானை விற்கிற பிழைப்பு.

அன்று காலை பூந்தமல்லிக்கு அப்பாலிருக்கும் யார்டிலிருந்து பாபு வண்டியை ஓட்டி வந்தான். யார்டு என்றால் தொழிற்சாலையிலிருந்து லாரியில் வருகிற புது வண்டிகளை இறக்கி நிறுத்தும் பொட்டல். நம்பர் தட்டு மாட்டி, வளர்மதி பெயரில் பதிவாகித்தான் வண்டி வந்தது. முதல் நாளே கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவரவில்லை. பின்பக்கம் கழுவுமிடத்தில் நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி வந்து கதவுகளைத் திறந்து பார்த்தேன்.

இடது பக்கப் பின்கதவைத் திறந்து ரப்பர் பட்டையை விலக்கினேன். உள்பக்கம் தூசி மாதிரி வெள்ளை பெயின்ட் படிந்திருந்தது. தொழிற்சாலையில் பெயின்ட் அடித்த பிறகுதான் ரப்பர் மாட்டுவார்கள், ரப்பரில் பெயின்ட் படிய வழியே இல்லை. கீல் போல்ட்டைப் பார்த்தேன். ஸ்பானர் பட்டு மேல்பூச்சு பெயர்ந்திருந்தது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கிற தூணை விரலால் தடவினேன். ஒரு இடத்தில் மேடு.

"யக்கா, இன்னா அப்படிப் பாத்துகினு கீற? டைம் ஆவுது, அவுங்க வந்துகினு கீறாங்கோ" என்றான் பாபு.

"பாபு, இந்தக் கதவைக் கழட்டினது யாரு?"

"எனக்கின்னா தெரியும்? நான் ஓட்டிகினு வர்றவன்."

நான் அவனையே பார்த்தேன். அவன் கையிலிருந்த துடைக்கிற துணியைப் பிழிந்து பிழிந்து பார்த்தான். பிழியத் தண்ணீர் இல்லை.

"லாரிலேர்ந்து எறக்கசொல்லோ சங்கிலி அறுந்துச்சுக்கா. மேல இருந்த வேற வண்டி உருண்டு வந்து இதும் சைடுல குத்திட்ச்சு. கதவு உள்ள பூட்ச்சு, தூணு கொஞ்சம் நசுங்கிச்சு. இஸ்து அடிச்சு பெயின்ட் போட்டாங்கோ. என் பேரைச் சொல்லிடாதக்கா, புள்ளகுட்டி கீது."

அவன் பேரை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, வண்டியே சொல்லிக்கொண்டிருந்தது. நேராக மேலாளர் அறைக்குப் போனேன். அவருக்குத் தெரிந்தே இருந்தது. முகம்கூட மாறவில்லை.

"கலா மேடம், கண்ணுக்குத் தெரியுதா? தெரியல. தெரியாததை எதுக்குச் சொல்லணும்?"

"புது வண்டின்னு காசு வாங்கியிருக்கோம் சார்."

"ஓடாத வண்டி, மீட்டர்ல ஒண்ணும் இல்ல, புது வண்டிதான். அந்தம்மா எத்தனை மாசமா காத்துக்கிட்டு இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். நீங்க சொன்னா திரும்ப முதல்லேர்ந்து காத்திருக்கணும். அவங்க கால் இருக்கிற நிலைமைக்கு இது தேவையா? நான் அவங்களுக்காகத்தான் சொல்றேன்."

தம்பி தங்கைகளே, இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். அதட்டுகிற மேலாளரைச் சமாளித்துவிடலாம். வாங்குகிறவர் மேல் இரக்கப்பட்டுக்கொண்டே அவர் தலையில் மிளகாய் அரைக்கிற மேலாளரிடம்தான் புத்தி தடுமாறும். எனக்கும் ஒரு நொடி அந்த மேம்பாலப் படி கண்ணில் வந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் நாளைக் காலையும் அதில் ஏற வேண்டும்.

யோசிக்க நேரமில்லை. வாசலில் அவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். டெலிவரி கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து ரகசியமாகச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அதற்குள் கையெழுத்துப் போட்டிருப்பார், பழம் நசுங்கியிருக்கும். பிறகு அவர் கேட்டாலும் நம் ஆட்கள் அந்தக் கையெழுத்தைத்தான் நீட்டுவார்கள். இடி வாங்கிய தூண் அது. பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டிய தூண். அதற்குள் என்ன வேலை நடந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை மறைத்து விற்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது, அச்சில் போடுகிற மாதிரி இருக்காது.

நான் கூடத்துக்கு வருவதற்குள் மேலாளர் வேகமாக எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். துணியை இழுத்தாகிவிட்டது. சந்தனப் பொட்டு வைத்தாகிவிட்டது. நான்கு சக்கரத்தடியிலும் பழம். வளர்மதி புதுப் பட்டுப் புடவையில் சாவியைக் கையில் வாங்கிவிட்டார், ஓட்டுநர் கதவைத் திறந்து பாதி உட்கார்ந்துவிட்டார். முருகேசன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கையெழுத்துத் தாள் வளர்மதியின் மடியில்.

"டீச்சர், கையெழுத்துப் போடாதீங்க" என்றேன்.

கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரப் பாட்டை யாரோ நிறுத்தினார்கள். நான் அவரை இறங்கச் சொல்லிப் பின்கதவைத் திறந்து, ரப்பரை விலக்கிக் காட்டினேன். போல்ட்டைக் காட்டினேன். அவர் விரலைப் பிடித்துத் தூணில் தடவ வைத்தேன். எங்கோ அடிபட்டு, தட்டி, பெயின்ட் போட்ட வண்டி இது என்றேன்.

முதலில் வெடித்தது முருகேசன். மேலாளர் மேல் இல்லை. என் மேல்.

"ஏம்மா, நல்ல காரியம் நடக்குற எடத்துல இப்படியா வாய வைப்பீங்க? பழம் வச்ச பெறகு, சாவி வாங்குன பெறகு வந்து சொல்றீங்களே, வெளங்குமா?"

சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, நாம் பழக்கி வைத்திருப்பது அப்படி. மேலாளருக்கு அது போதுமாக இருந்தது. சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"சார் சொல்றதுதான் கரெக்ட். வச்ச பழத்தை நசுக்காம வண்டியை நிறுத்துனா அபசகுனம் சார். இது சின்ன டச்சப், எல்லா வண்டியிலயும் உள்ளதுதான். மேடத்துக்கு சீட் கவர், மேல்பூச்சு எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தர்றேன். அப்புறம் நம்பர் மேடம் பேர்ல ஏறிடுச்சு. சட்டப்படி இது இப்ப அவங்க வண்டி. திருப்பி எடுக்குற பழக்கமே நமக்கு இல்ல. ரசீதுலயே போட்டிருக்கு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "ரசீதுல நாம போட்டா சட்டமாயிடுமா சார்?" என்றேன். குறையுள்ள பொருளை, ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையே முறைகேடான வியாபாரம் என்றுதான் நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். கூடத்தில் வண்டி பார்க்க வந்திருந்த வேறு இரண்டு குடும்பங்கள் காபியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தன. மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள போங்க மேடம்" என்றார். நான் போகவில்லை.

வளர்மதி மறுபடி தூணைத் தடவிப் பார்த்தார். என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இதை ஓட்டுனா ஆபத்தா மேடம்?"

"தெரியாது டீச்சர். அந்தத் தெரியாததோட உங்களை அனுப்ப எனக்கு மனசில்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், வேணாம்னா இன்னும் எத்தனை மாசம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. இவங்க லேசுல விடமாட்டாங்க."

அவர் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல்தான், ஏற்றமில்லை இறக்கமில்லை.

"என் வண்டின்னு சொல்றீங்க. என் வண்டிக்கு அடிபட்டா என்கிட்டதானே சார் முதல்ல சொல்லியிருக்கணும்?"

மேலாளர் ஏதோ ஆரம்பித்தார். வளர்மதி காதில் வாங்கவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு, இரும்புப் பட்டையின் பூட்டைத் தளர்த்தி, மெதுவாகக் கீழே குனிந்தார். முன்சக்கரத்தடியில் கைவிட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். முருகேசன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "விடுங்க, நானே எடுக்கிறேன்" என்று வளர்மதி அவர் கையைத் தட்டிவிட்டு, பின்சக்கரம், மறுபக்கம் என்று சுற்றி வந்து நான்கையும் எடுத்தார். ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் அந்தப் பட்டை போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. நான் உதவப் போகவில்லை. அவர் விரும்ப மாட்டார் என்று தெரிந்தது.

நேராக மேலாளர் மேஜைக்குப் போய் நான்கு பழத்தையும் வரிசையாக வைத்தார். மேலே சாவி.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு சார். ஜூஸ் போட்டுக் குடிங்க."

பிறகு என்னிடம், "ஒரு வெள்ளைத் தாள் குடுங்க மேடம். நல்ல நேரம் இருக்கும்போதே எழுதிக் குடுத்துடறேன்" என்றார். அடிபட்டுச் சரிசெய்த வண்டி, எனக்குச் சொல்லாமல் புதிது என்று கொடுக்கப்பட்டது, ஏற்க மறுக்கிறேன், வேறு புது வண்டி தர வேண்டும். இவ்வளவுதான் எழுதினார். அதைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி நகல் வாங்கிய பிறகுதான் நகர்ந்தார். கதவு, போல்ட், ரப்பர், நம்பர் தட்டு எல்லாவற்றையும் முருகேசனைக் கைபேசியில் படம் எடுக்க வைத்தார். அவர் முறைத்துக்கொண்டேதான் எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும். முதலில் வாரண்டியை நீட்டித் தருகிறோம் என்றார்கள். பிறகு அதே கதவைப் புதிதாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். போனில் தேனாகப் பேசுவார்கள். வளர்மதி ஒவ்வொரு தடவையும், "நல்லது சார், இதையே மெயில்ல அனுப்புங்க" என்பார். மெயில் வராது. கடைசியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தார், வக்கீல் வைக்காமல் தானே எழுதி. நோட்டீஸ் வந்த பிறகுதான் பெரிய இடத்துக்குக் காது கேட்டது. வேறு புது வண்டி, பதிவுச் செலவும் எங்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். அதுவரை அந்தப் பெண் மேம்பாலம் ஏறிக்கொண்டுதான் இருந்தார். தப்பு செய்தது ஒரு கூட்டம், படி ஏறியது அவர். அந்த மாதங்களில் மழை பெய்தால் எனக்குச் சோறு இறங்காது.

எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். டெலிவரி பொறுப்பிலிருந்து எடுத்து, துணைச் சாமான் விற்கும் கவுன்டரில் போட்டார்கள். கால்மிதி, வாசனைப் புட்டி, டேஷ்போர்டில் ஒட்டுகிற பிள்ளையார். மேலாளருக்கு அந்த ஆண்டு கேடயம் கொடுத்தார்கள். கைதட்டச் சொன்னார்கள், நான் பிள்ளையாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாராவது வண்டி எடுக்க வந்தால், கால்மிதி காட்டுகிற சாக்கில் சொல்லிவிடுவேன். நம்பர் போடுவதற்கு முன்னால் வண்டியைப் பாருங்கள். துணி போர்த்தாமல், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேசிஸ் நம்பர் தாளில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றுதானா, எந்த மாதம் தயாரித்தது, ரப்பருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் பழம் வையுங்கள். நீங்களும் இதை வாங்குகிறவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். கேட்கிறவரைச் சந்தேகப் பிராணி என்று பின்னறையில் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் சேராதீர்கள்.

இரண்டாவது வண்டி வந்த அன்றைக்கு நம்பர் தட்டு இல்லாமல்தான் ஷோரூமுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வளர்மதி எழுதிக் கேட்டிருந்தார். கொண்டுவந்தார்கள். வேறு வழியில்லை. வாசலில் வெயிலில் நிறுத்தச் சொன்னார். துணி வேண்டாம், வெடி வேண்டாம் என்றார். நேராக என் கவுன்டருக்கு வந்து, "நீங்களும் வாங்க மேடம்" என்று கூப்பிட்டார். மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையாரை அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.

இந்த முறையும் வெள்ளிக்கிழமைதான், முருகேசன் அதே பத்தேகால் என்று நேரம் குறித்துக்கொண்டுதான் வந்திருந்தார். எலுமிச்சம்பழம் பையில் இருந்தது. என்னைப் பார்த்து அரைகுறையாகத் தலையசைத்தார். பழையபடி பேசுகிற நிலைக்கு இன்னும் வரவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டுக் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்தார். ரப்பரை விலக்கினார். விரலால் தடவிப் பார்த்து, விரலை வெயிலில் காட்டிப் பார்த்தார். அடுத்த கதவு. அதற்கடுத்த கதவு. போல்ட் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சட்டையோடு தரையில் படுத்து அடியில் பார்த்தார்.

உள்ளே சுவரில் கடிகாரம் பத்தரையைத் தாண்டியது. நான் வளர்மதியைப் பார்த்தேன். அவரும் கடிகாரத்தைப் பார்த்திருந்தார். சொல்லாதீர்கள் என்பது போல் லேசாகத் தலையசைத்தார்.

வண்டிக்கு அடியிலிருந்து முருகேசன் குரல் கொடுத்தார்.

"மணி என்ன ஆச்சு?"

"இன்னும் நேரம் இருக்கு" என்றார் வளர்மதி. "டிக்கியைத் திறந்து பாருங்க. ஸ்டெப்னியைத் தூக்கிட்டுப் பாருங்க."